வக்கீல் பரீட்சையும் ஒரு சம்பா போகமும்

உளுந்தைப் பிடுங்கி களத்தில் போட்டாச்சு. இனி மேட்டூர் தண்ணீர் வரும்வரை பெரிய வேலை இல்லை. "நாலஞ்சு மாசமா ஒண்ணும் எழுதக் காணோமே, மழையில பயிர் போயிடுச்சா?" என்று கேட்டிருந்த நண்பர்களுக்கு: பயிர் முக்கால்வாசி தப்பிச்சிடுச்சு. எழுதாததுக்குக் காரணம் பயிர் இல்லை, பரீட்சை. என் மகள் வக்கீல் பரீட்சை எழுதினாள். கிராமத்தில் ஒரு பிள்ளை பரீட்சை எழுதினால் அந்த வீடே சேர்ந்து எழுதுகிற மாதிரிதான். அவளிடம் படித்துக் காட்டி, "சரி, போடுங்கப்பா" என்று அவள் சொன்ன பிறகுதான் இதை உங்களுக்குத் தருகிறேன்.

"சட்டக் கல்லூரியில அஞ்சு வருஷம் படிச்சு முடிச்சாச்சே, அப்புறம் என்ன பரீட்சை?" ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. பட்டணத்தில் இருக்கிற உங்களிலும் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். சட்டம் படித்து முடித்தவர்கள் முதலில் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கறுப்பு அங்கி போட்டுக்கொள்ளலாம், கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அது முழுசா கைக்கு வந்த உரிமை இல்லை. பதிவு செய்த இரண்டு வருஷத்துக்குள் இந்திய பார் கவுன்சில் நடத்தும் அகில இந்திய பார் தேர்வில் தேறியாக வேண்டும். தேறாவிட்டால் தொழில் செய்ய முடியாது. 2010-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. முதல் தேர்வு 2011 மார்ச்சில் நடந்தது. இப்படி ஒரு தேர்வு வைக்க அதிகாரம் உண்டா என்று வழக்கு நடந்து, 2023 பிப்ரவரி 10-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உண்டு என்று சொல்லிவிட்டது.

தேர்வைப் பற்றிக் கேட்டால் சுலபம் போலத்தான் தெரியும். நூறு கேள்வி. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். தப்பாக எழுதினால் மார்க் குறைக்க மாட்டார்கள். பொதுப் பிரிவுக்கும் இதர பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் 45 எடுத்தால் போதும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. எல்லாத்துக்கும் மேல, புத்தகத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போகலாம். விளக்கவுரை, குறிப்பு எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகம், அதாவது 'பேர் ஆக்ட்', அது மட்டும். தமிழிலும் எழுதலாம்.

"புத்தகத்தைப் பார்த்து எழுதுற பரீட்சைக்கா இவ்வளவு பயம்?" என்றார் என் மச்சினர். அந்த ஒரு வாக்கியம் என் மகளை எத்தனை ராத்திரி தூங்க விடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. சுலபமான பரீட்சையில் தவறுவதைப் போல அவமானம் வேறு இல்லை. கஷ்டமான பரீட்சையில் தவறினவனுக்கு ஒரு மரியாதையாவது மிஞ்சும்.

பாப்பா பதிவு செய்தது 2023 ஏப்ரலில். மன்னார்குடியில் ஒரு சீனியர் அம்மாவிடம் ஜூனியராகச் சேர்ந்தாள். அந்த வருஷம் டிசம்பர் 10-ம் தேதி நடந்த பதினெட்டாவது தேர்வை எழுதினாள். முடிவு 2024 மார்ச்சில் வந்தது. தேறவில்லை. விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்ததில் நாலஞ்சு கேள்வியில் போயிருந்தது. அடுத்தது பத்தொன்பதாவது தேர்வு. அவளுடைய இரண்டு வருஷக் கெடுவுக்குள் வருகிற கடைசி வாய்ப்பு அதுதான்.

இந்தக் கெடு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஊர். எங்கள் தெருவில் கோர்ட்டுக்குப் போகாத வீடு குறைவு. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, பாதை வழக்கு என்று ஆளுக்கு ஒரு கட்டு காகிதம் பரணில் இருக்கும். இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை வக்கீலுக்குப் படிக்கிறது என்றால் அது ஊர் விஷயம். எங்க அம்மாவோ, பேத்தி முதல் வருஷம் படிக்கும்போதே "எங்க வக்கீலம்மா" என்று கோயில் வாசலில் சொல்ல ஆரம்பித்தவர். அதனால் ஃபெயில் ஆன சேதியும் பால் சொசைட்டியில் கேன் வைக்கிற நேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். வரன் சொல்ல வந்த தரகர், "பாஸ் பண்ணினதும் சொல்லுங்க, அப்ப ஜாதகத்தை வெளிய எடுப்போம்" என்றார். படிப்புச் செலவுக்காகக் கூட்டுறவு வங்கியில் வைத்த நகை இன்னும் மீளவில்லை. இதை நாங்கள் அவளிடம் சொன்னதே கிடையாது. ஆனால் அம்மாவின் கழுத்தைப் பார்க்கிற பிள்ளைக்குச் சொல்லித்தான் தெரியணுமா?

அவள் விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு பின்கட்டு வழியாகவே பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தாள். சாப்பாடு குறைந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது.

போதாக்குறைக்குச் சட்டமே மாறியது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதினியம். பெயரைச் சொல்லவே நாக்கு சுளுக்குது. தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவு இருந்தது, புதியதில் 358. அஞ்சு வருஷம் உருப்போட்ட எண்ணெல்லாம் இடம் மாறிப்போச்சு. பாடத்திட்டத்திலோ பழசும் உண்டு, புதுசும் உண்டு.

தேர்வுத் தேதியும் நிலையாக இல்லை. முதலில் நவம்பர் 24 என்றார்கள், அப்புறம் டிசம்பர் 1, கடைசியில் டிசம்பர் 22. தள்ளிப் போனால் நல்லதுதானே, கூடப் படிக்கலாமே என்று தோன்றும். படிக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு நாளைக் குறிவைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனிடம், எல்லைக்கல்லை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறோம் என்று சொல்வது மாதிரி.

அக்டோபரில் ஒரு ராத்திரி. சம்பாவுக்கு முதல் மேலுரம் போட்டிருந்த சமயம். மணி இரண்டு இருக்கும். திண்ணையில் விளக்கு எரிந்தது. பழைய சட்டமும் புதிய சட்டமும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடந்தன. பாப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. "அப்பா, மூச்சு விட முடியல. நெஞ்சை யாரோ அமுக்குற மாதிரி இருக்கு" என்றாள். பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் என் மனைவி பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அந்த எட்டு கிலோமீட்டரில் எனக்கு எந்தப் பரீட்சையும் ஞாபகம் இல்லை.

இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை. பணியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். "எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்று கேட்டார். "மூணு" என்றாள் பாப்பா. "எத்தனை நாளா?" என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். இது பதற்றத்தால் வருவது, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அப்படியே விடக்கூடாது என்றார். தூக்கம் ஏழு மணி நேரம், நேரத்துக்குச் சாப்பாடு, சாயங்காலத்துக்கு மேல் காபி கிடையாது. மனநல ஆலோசகரைப் போய்ப் பார்க்கவும் சீட்டு எழுதிக் கொடுத்தார். 14416 என்று ஒரு நம்பரையும் எழுதினார். டெலி மானஸ் என்று பெயர். அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிட்டுப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பாப்பா ஆலோசகரை இரண்டு முறை போய்ப் பார்த்தாள். எங்க ஊர்ல இதைச் சொன்னா "பொண்ணுக்குப் புத்தி சரியில்லையா" என்று கேட்கிற ஆட்கள் உண்டு. சொல்லட்டும். காலில் முள் தைத்தால் எடுக்கத் தெரிந்தவரிடம் போகிறோம். இதுவும் அதுதான்.

திரும்பி வந்த அன்று வீட்டில் உட்கார்ந்து பேசினோம். பாப்பா சொன்னது இதுதான்: "பாடம் எனக்குப் பாரமா இல்லப்பா. எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டிருக்கீங்கல்ல, அதுதான். அம்மா பால் கொண்டுவந்து வெச்சுட்டு நிக்கிறாங்க. தம்பி டிவி சத்தத்தைக் குறைக்கிறான். அப்பாயி சாமி ரூம்ல என் பேரைச் சொல்லிக் கும்பிடுறது இங்க கேக்குது. ஃபெயிலானா நான் மட்டும் ஃபெயிலாகல, நீங்க எல்லாரும் ஆவீங்க."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. கடன் வாங்கி விதைத்த வருஷம் பயிரை ஒரு நாளைக்கு நாலு தரம் போய்ப் பார்ப்போம். பார்க்கிறதால பயிர் வளராது. நம்ம ரத்தக்கொதிப்புதான் வளரும். சரி, இந்தப் பரீட்சையை வீட்டில் சின்னதாக்கிவிடுவோம் என்று முடிவு செய்தோம். ஆளுக்கு ஒரு வேலை.

டிவி சத்தம் பழையபடி வந்தது. பால் தம்ளர் அடுப்படியிலேயே இருக்கும். வேண்டுமானால் அவளே வந்து எடுத்துக்கொள்வாள். மேட்டூரை அந்த வருஷம் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள் என்பதால் எங்களுக்குக் குறுவை இல்லை. கையில் காசும் இல்லை. ஆனாலும் தம்பி டவுனுக்குப் போகும்போதெல்லாம் பழைய கேள்வித்தாள் ஒவ்வொன்றாக அச்செடுத்து வந்து கொடுத்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு அவளுடைய போன் அம்மாவிடம் போய்விடும். டெலிகிராம் குழுவில் 'மறுபடி தள்ளிப்போகுதாம்', 'இந்தத் தடவை ரொம்ப கஷ்டமாம்' என்று ராத்திரி முழுக்க வருகிற புரளியைப் படித்தே பாதித் தூக்கம் போயிருந்தது. அரிசி டின் மேல் அந்தப் போன் தூங்கினது. கீழே பாப்பா தூங்கினாள்.

வாசலைக் காக்கிற வேலை எங்க அம்மாவுக்கு. "பேத்தி எப்படிப் படிக்குது?" என்று யாராவது வந்தால், "அவ என் கேசுக்குப் படிக்கிறா, உனக்கென்ன?" என்று சொல்லி அனுப்பிவிடுவார். எண்பது வயசுக்கு மேல் ஆனவரிடம் யார் எதிர்த்துப் பேசுவது?

எனக்குக் கிடைத்தது கேட்கிற வேலை. தினம் சாயங்காலம் நாலரை மணிக்கு நான் தண்ணீர் பார்க்கப் போகும்போது அவளும் வருவாள். அன்றைக்குப் படித்ததை எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். எனக்குப் புரியவில்லை என்றால் அவளுக்கும் சரியாகப் புரியவில்லை என்று கணக்கு. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். கேள்வி கேட்க அதுவே வசதி.

அந்த நடையில் எத்தனை விஷயம் கற்றுக்கொண்டேன் தெரியுமா? ஊரில் கலவரம் என்றால் 144 போடுவார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 163. அப்போ 144? மனைவி, பிள்ளை, பெற்றோருக்கு ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்வது. "இனிமே ஊர்ல 144 போட்டுட்டாங்கன்னா, பெத்தவங்களுக்குச் சோறு போடச் சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம்ப்பா" என்றாள். கொலைக்கு 302 என்று எல்லா சினிமாவிலும் கேட்டிருக்கிறோம். புதியதில் கொலைக்குத் தண்டனை 103. 302 என்பது ஒருத்தருடைய மத உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே பேசுவது. ஊரை ஏமாற்றுகிறவனுக்கு நாம் வைத்த பட்டப்பெயர் 420. அது இப்போ 318-க்குள் போய்விட்டது. முன்ஜாமீன் 438-லிருந்து 482-க்கு வந்திருக்கிறது. பழைய 482 உயர் நீதிமன்றத்தின் தனி அதிகாரம். அது 528-க்குப் போயிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அவளை நடுங்க வைத்த அதே எண்கள்தான். வரப்பில் நடந்துகொண்டே சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

"சரி, வயலுக்கு வர்ற தண்ணியை எவனாவது மறிச்சா?" என்று கேட்டேன். அவள் நின்று யோசித்தாள். "பழசுல 430. புதுசுல 326-ல முதல் உட்பிரிவு. விவசாயத்துக்கு வர்ற தண்ணி குறையிற மாதிரி சேதம் பண்ணினா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்." மடையை ராத்திரியில் அடைத்துவிட்டுப் போகிற ஆட்களை நினைத்துக்கொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 11-வது பிரிவு: ஒரு விவகாரத்தை ஒரு கோர்ட் விசாரித்து முடிவு சொல்லிவிட்டால், அதே ஆட்கள் அதே விவகாரத்தை மறுபடி வழக்காகக் கொண்டுவர முடியாது. இது வீட்டிலும் அமலுக்கு வந்துவிட்டது. எங்க அம்மா முப்பது வருஷத்துக்கு முந்தின சீர்வரிசைக் கதையை எடுத்தால், அடுப்படியிலிருந்து "அத்தை, பிரிவு 11" என்று குரல் வரும். அம்மாவும் சிரித்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் குடும்பச் சட்டம். இந்து வாரிசுரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு என்று கொண்டுவந்தார்கள், கல்யாணம் ஆகாத மகளுக்கு. 2005-ல் நாடு முழுக்க, கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ, மகனுக்குச் சமம் என்று மத்திய சட்டம் மாறியது. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது இதில் கணக்கில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இவ்வளவையும் சொல்லிவிட்டு பாப்பா என்னைப் பார்த்தாள். அந்த வயல் எங்க தாத்தா வழியில் வந்தது.

"அப்ப இந்த வரப்புல என் கூட நடக்கிறது என் பங்காளியா?" என்றேன்.

"ஆமாம் பங்காளி" என்றாள். மார்ச்சுக்கு அப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

படிக்கிற முறையையும் அவள் மாற்றிக்கொண்டாள். பத்தொன்பது, இருபது பாடம் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். நூறு மார்க் எங்கே எங்கே கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதினாள். அரசியலமைப்புச் சட்டம் 10, குற்றவியல் நடைமுறை 10, உரிமையியல் நடைமுறை 10. தண்டனைச் சட்டம் 8, சாட்சியம் 8, குடும்பச் சட்டம் 8, ஒப்பந்தம் - சொத்து மாற்றம் - காசோலைச் சட்டம் எல்லாம் சேர்த்து 8. இந்த ஏழிலேயே 62 வந்துவிடுகிறது. கம்பெனிச் சட்டம், சைபர் சட்டம், சுற்றுச்சூழல், நில எடுப்பு எல்லாம் இரண்டு இரண்டு மார்க். போன தடவை எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிக்கப் பார்த்து மூச்சு வாங்கியிருந்தாள். இந்தத் தடவை ஏழை நன்றாக, மற்றதைத் தெரிந்த மட்டும். தண்ணீர் குறைவான வருஷம் எந்தக் கட்டளையை முதலில் நனைப்பது என்று நாங்கள் முடிவு செய்வதும் இப்படித்தான். எல்லா வயலுக்கும் அரைத் தண்ணீர் விட்டால் எல்லாம் கருகும்.

புத்தகம் கையில் இருப்பதிலும் ஒரு வித்தை உண்டு. நூறு கேள்விக்கும் புத்தகத்தைப் புரட்டினால் நேரம் போய்விடும். எது எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று விரலுக்குத் தெரியணும். அதனால் மனப்பாடத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு சட்டத்தின் முன்னால் இருக்கிற பிரிவுப் பட்டியலைத் தினம் வாசித்தாள். தம்பி ஒரு விஷயத்தைச் சொல்வான், அவள் பக்கத்தைத் திறக்கணும், அவன் நொடி எண்ணுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடிகாரம் வைத்து முழுக் கேள்வித்தாள். முதல் வாரம் 43. அடுத்தது 51. அதற்கடுத்தது 48. அன்றைக்கு அவள் முகம் வாடினது. ஆனால் ராத்திரி தூங்கினாள். நாங்கள் மார்க் கேட்கவில்லை, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டோம். இந்த மார்க்கெல்லாம் அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. ஃபெஞ்சல் புயலாக மாறுவதற்கு முன்பே டெல்டாவில் கொட்டித் தீர்த்தது. பயிர் தலை மட்டும் தெரிய தண்ணீரில் நின்றது. வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியவில்லை. ஆள் கிடைக்கவில்லை. நானும் பையனும் மண்வெட்டியோடு கிளம்பினோம். பின்னாலேயே பாப்பாவும் வந்தாள். "நீ படி, இதுல எறங்காத" என்றாள் என் மனைவி. "ரெண்டு நாள் படிக்காட்டி ஒண்ணும் ஆகாதும்மா. இதைப் பார்த்துக்கிட்டு உள்ள உக்காந்தா ஒரு வரியும் ஏறாது" என்றாள். இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தாமரையை இழுத்துக் கரையில் போட்டோம். இரண்டாம் நாள் சாயங்காலம் தண்ணீர் சலசலவென்று நகர ஆரம்பித்தது. அன்றைக்கு ராத்திரி அவள் ஒன்பது மணி நேரம் தூங்கினாள். டிசம்பர் நடுவிலும் மழை வந்தது. தாழ்வான இரண்டு மா அழுகிப்போச்சு. மற்றது நிமிர்ந்துவிட்டது.

தேர்வு சென்னையில். 20-ம் தேதி ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ். ஒரு நாள் முன்னதாகவே போய்விடணும் என்று பாப்பாதான் சொன்னாள்; ரயில் தாமதமானால் என்கிற ஒரு கவலையாவது குறையும். புத்தக மூட்டையை நான்தான் தூக்கினேன். ஒரு மரக்கால் நெல்லை விடக் கனம். தாம்பரத்தில் சித்தி வீட்டில் தங்கினோம். முதல் நாள் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. சித்தி பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய்விட்டு வந்தாள். மறுநாள் தேர்வு மையத்து வாசலில் நான் "நல்லா எழுது" என்று சொல்லவில்லை. "முடிஞ்சதும் என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டேன். "பரோட்டா" என்றாள். வெளியே வந்ததும் பரோட்டா சாப்பிட்டோம். எந்தக் கேள்விக்கு என்ன விடை என்று கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தாண்டி வந்துவிட்டோம்.

அதற்கப்புறம் மூணு மாசம் காத்திருப்பு. படிக்கிற காலத்தை விட இது கஷ்டம், ஏனென்றால் செய்ய ஒன்றும் இல்லை. நல்லவேளையாக அறுவடை வந்தது. கோர்ட் இல்லாத நாளெல்லாம் களத்தில் நின்றாள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கணும் என்பார்கள். பனியில் நெல் காயாமல் நான் தவித்தபோது, சாக்கைப் பிரித்துப் பிரித்துக் கொட்டிக் காயப்போட்டு, வரிசையில் இடம் பிடித்து, மூட்டையை எடை போட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்தது அவள்தான்.

மார்ச்சில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். சேதி வந்தபோது நான் உளுந்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். பையன் வரப்பில் ஓடி வந்து சொன்னான். டேங்கில் பாதி மருந்து மிச்சம் இருந்தது. அடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கலந்த மருந்தை வைத்திருக்க முடியாது பாருங்கள். எங்க அம்மா மட்டும் கேட்டார்: "இனிமே நான் வெளிய சொல்லிக்கலாம்ல?"

இப்போது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பார் தேர்வோ, டி.என்.பி.எஸ்.சி.யோ, நீட்டோ. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தூக்கத்தைக் கெடுத்துப் படிப்பதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். விருந்தாளிகளிடம் பிள்ளையின் படிப்பைப் பேச்சுக்கு எடுக்காதீர்கள். கை நடுங்குது, மூச்சு அடைக்குது என்று பிள்ளை சொன்னால், 'எல்லாம் பயம்தான்' என்று தட்டிக் கழிக்காமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். படித்ததைக் கேட்க வீட்டில் ஒரு ஆள் தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்களுக்குப் பாடம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. தேறாமல் போனாலும் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் இதே தட்டில் இதே சோறுதான் என்பது, சொல்லாமலே அதற்குத் தெரிந்திருக்கணும்.

பாப்பா இப்போது சீனியரிடம்தான் இருக்கிறாள். வருமானம் இன்னும் பஸ் காசுக்கும் மேல் கொஞ்சம்தான். நகையும் வங்கியில்தான் இருக்கிறது. உளுந்து விலை ஒத்துழைத்தால் ஆடிக்குள் மீட்டுவிடலாம். போன வாரம் மேலத்தெரு பெரியவர் ஒருவர் மஞ்சள் பையில் பத்திரக் கட்டோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அவர் தங்கச்சிக்குப் பங்கு கொடுக்காமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்க வந்திருக்கிறார்.

ஆளைத் தேடிப் பிடித்துத்தான் வந்திருக்கிறார் பாருங்கள். அன்றைக்கு அவருக்கு 1989-லிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் பாடம் நடந்தது.